மூக்குக்காரர் வீட்டு மணல்

எங்கள் கம்பெனியில் ஒரு மூக்குக்குச் சம்பளம் கொடுக்கிறார்கள். மற்றவர்களுக்கெல்லாம் கை, கால், முதுகு மூன்றுக்கும் சேர்த்து ஒரே சம்பளம்தான். அந்த மூக்கின் சொந்தக்காரர் என் அத்தான், அதாவது என் அக்காவின் கணவர்.

சோப்புக் கம்பெனி. கொப்பரையிலிருந்து கலவை இறங்கியதும் அதில் ஒரு துண்டு வெட்டி, வெள்ளைத் தட்டில் வைத்து, அத்தானின் அறைக்குக் கொண்டுபோவார்கள். அவர் கண்ணை மூடிக்கொண்டு மூன்று முறை முகர்வார். பிறகு ஜன்னல் வழியாகத் தூரத்தில் எதையோ பார்ப்பார். அங்கே பார்க்க ஒன்றும் கிடையாது, சைக்கிள் நிறுத்தும் இடம்தான். அதற்கப்புறம் துண்டைக் காகிதத்தில் சுற்றிப் பையில் போட்டுக்கொள்வார். முடிவு மறுநாள் காலையில்தான். ஒன்று "போகட்டும்" என்பார், இல்லாவிட்டால் "இன்னும் கொஞ்சம் இருக்கு" என்பார். கொழுப்பு வாடை கொஞ்சம் மிச்சமிருக்கிறது என்று அதற்கு அர்த்தம். கலவை மறுபடியும் கொப்பரைக்குப் போகும். அதைக் கிளறுகிறவர் அத்தானின் பரம்பரையையே மனதுக்குள் விசாரித்தபடி கிளறுவார்.

முன்பெல்லாம் முடிவை அங்கேயே சொல்லிவிடுவார். இந்த மறுநாள் வழக்கம் இரண்டு வருஷமாகத்தான். "அவசரப்படுத்தினா மூக்கு பொய் சொல்லும்" என்று ஒருநாள் அறிவித்தார். மேலாளர் அசந்துபோனார். நானும் ஒரு பெட்டியைக் கட்ட ஒருநாள் யோசிக்க வேண்டும் என்று சொல்லிப் பார்த்தேன். என்னைப் பார்த்து யாரும் அசரவில்லை.

நான் அதே கம்பெனியில் பெட்டி கட்டும் பிரிவில் இருக்கிறேன். வேலை வாங்கிக் கொடுத்தவர் அத்தான். இதை நான் எங்கே மறந்துவிடுவேனோ என்ற அக்கறையில் அவரே அவ்வப்போது நினைவூட்டுவார், அதிலும் நாலு பேர் சுற்றி இருக்கும்போது.

அத்தானுக்கு முன்னால் அந்த அறையில் வேறொருவர் இருந்தார். ஒரு பெரிய சளியோடு அவருக்கு மோப்பம் போயிற்று. பாவம், நேர்மையான மனிதர், நேராகப் போய் மேலாளரிடம் சொல்லிவிட்டார். மேலாளர் மிகவும் வருத்தப்பட்டு, தோளைத் தட்டிக்கொடுத்து, அவரைக் கிடங்குக்கு மாற்றினார். இப்போது மூட்டை எண்ணிக்கொண்டிருக்கிறார். 'ஐயா' என்று கூப்பிட்டவர்கள் 'யோவ்' என்று கூப்பிடுகிறார்கள். ஆக எங்கள் கம்பெனியில் மூக்கு போனால் கிடங்கு. யாரும் எழுதி ஒட்டவில்லை, ஆனால் எல்லோருக்கும் தெரியும்.

அத்தானை எல்லோரும் 'மூக்குக்காரர்' என்பார்கள். அவருக்கு அதில் பெருமை. என் வீட்டுக்கு வந்தால் வாசலிலேயே நின்று இழுத்து ஒரு மூச்சு விடுவார். "என்ன மாப்ள, துணி சரியாக் காயலயா?" என்பார். என் மனைவி முகம் போகிற போக்கைப் பார்க்க வேண்டும். ஒருமுறை கொடியில் துணியே இல்லாத நாளிலும் அதையே சொன்னார். பெரிய மூக்கு சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நாங்கள் அலமாரியைத் திறந்து அடுக்கி வைத்த துணியையெல்லாம் எடுத்து மறுபடி வெயிலில் போட்டோம்.

அக்கா இப்படியெல்லாம் அலட்டிக்கொள்ள மாட்டாள். பேச்சே குறைவு. ஆனால் கொஞ்ச காலமாக அவளையும் ஏதோ பிடித்துக்கொண்டது. மூக்கில் படுவதையெல்லாம் சத்தமாகச் சொல்ல ஆரம்பித்தாள். சமையலறையிலிருந்து "மழ வர்ற வாசனை அடிக்குது!" என்பாள். "பக்கத்து வீட்ல பெயின்ட் அடிக்கிறாங்க போல!" என்பாள். "என்னங்க, உங்க சட்டையில வேர்வை வாடை வருது, வேற போடுங்க!" என்பாள், விருந்தாளி உட்கார்ந்திருக்கும்போதே. அத்தான் கையில் சோப்புத் துண்டோடு வீட்டுக்குள் நுழைந்தால், வாங்கிக் கை கழுவிக்கொண்டே, "இதுல எலுமிச்ச தூக்கல்... அடியில ஒரு கொழுப்பு வாடை" என்று அதற்கும் ஒரு விமர்சனம். ஒரு வீட்டுக்கு ஒரு மூக்கு போதாதா என்று நான் அவளிடமே கேட்டிருக்கிறேன். அவள் சிரித்துவிட்டு உள்ளே போய்விடுவாள்.

அவர்கள் வீட்டில் இன்னொரு பெருமை உண்டு, கூடத்தை அடைத்துக்கொண்டு நிற்கும் கடல்மீன் தொட்டி. ஆள் படுக்கும் நீளம். ஒன்பது வருஷத்துத் தொட்டி. அதற்கு இடம் விட்டு சோபா மூலைக்குப் போயிற்று, டிவி படுக்கையறைக்குப் போயிற்று. சாதாரண மீன் வளர்க்கிறவர்களை அத்தான் மனிதர்களாகவே மதிப்பதில்லை. "குழாத் தண்ணில எதுவும் நீந்தும் மாப்ள. இது கடல்" என்பார். அந்தக் கடலைப் பாக்கெட் உப்பில் கரைத்துச் செய்கிறவர் அவர்தான். அதற்குள் ஆரஞ்சு நிறத்தில் ஒரு ஜோடிக் கோமாளி மீன். அப்புறம் மணல் நிறத்தில் விரல் நீளத்துக்கு ஒரு மீன். அது நாள் முழுக்க மணலை வாய் நிறைய அள்ளி, சலித்து, செவுள் வழியாகக் கொட்டிக்கொண்டே இருக்கும். அக்கா அதற்குச் 'சித்தாள்' என்று பேர் வைத்திருந்தாள். வீட்டில் தன்னைப் போல வேலை செய்கிற ஜீவன் அது ஒன்றுதான் என்பாள். அதற்குத் தீனி போடுவதை மட்டும் யாரிடமும் விடமாட்டாள்.

ஒருநாள் தொட்டிக்குள் பெரிய கல் ஒன்று சரிந்தது. அடியிலிருந்து நாலைந்து குமிழ்கள் மேலே வந்து உடைந்தன. அக்கா சமையலறையிலிருந்து ஓடிவந்தாள். "என்னங்க, தொட்டிக்கிட்ட அழுகின முட்ட வாடை வருது!" தொட்டிக்கு முன்னால் உட்கார்ந்திருந்த அத்தான் ஒரு நொடி அவளைப் பார்த்துவிட்டு, "அதத்தான் நானும் யோசிச்சிட்டிருக்கேன்" என்றார். மணலை மாற்றிவிட வேண்டியது என்று அப்போதே தீர்ப்பாயிற்று. ஒன்பது வருஷ எச்சமும் மிச்சத் தீனியும் அடியில் இறுகிக் கிடந்தது. கண்ணாடி ஓரமாகக் குனிந்து பார்த்தால் மேலே வெள்ளை, கீழே தார் போல ஒரு கறுப்புப் பட்டை.

மீன் கடைக்காரர் கைப்பேசியில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டே யோசனை சொன்னார். "ஒரே நாள்ல எடுக்காதீங்க சார். குழாய் வச்சு வாரம் ஒரு ஓரமா உறிஞ்சி எடுங்க. அடியில இருக்கிற கறுப்பக் கலக்கிட்டீங்கன்னா வெஷம், மீன் தாங்காது. மேல இருக்கிற நல்ல மணல்ல கொஞ்சம் எடுத்து வச்சுப் புதுசு மேல தூவுங்க. தொட்டியோட உசுரு அதுலதான் இருக்கு."

கடையை விட்டு வந்ததும் அத்தான் சொன்னார், "நாலு தடவ நம்மளக் கடைக்கு வரவைக்கிற தந்திரம் மாப்ள இது. ஞாயித்துக்கிழம வா. ஒரே நாள்ல முடிச்சிடலாம்."

அவசரத்துக்குக் காரணம் எனக்குத் தெரியும், அல்லது தெரியும் என்று நினைத்தேன். எங்கள் கம்பெனியைப் புதிதாக ஒருவர் வாங்கியிருந்தார். அவருடைய மகள் திங்கட்கிழமை வந்து எல்லாப் பிரிவையும் பார்க்கப் போகிறாள், மூக்குக்காரரை நேரில் சந்திக்க ரொம்ப ஆசைப்படுகிறாளாம். அந்தச் செய்தி வந்ததிலிருந்து அத்தானுக்கு இருப்புக்கொள்ளவில்லை. வீட்டில் ஒட்டடை அடித்தார், மின்விசிறியைக் கழற்றித் துடைத்தார். பெருமை தாங்காமல் ஆடுகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

ஞாயிறு காலையில் நான் போனபோது அக்கா கடைக்குப் போயிருந்தாள். கூடத்தில் இரண்டு நீல டிரம் நின்றன. கம்பெனியில் வாசனை எண்ணெய் வரும் டிரம்கள். கிட்டே போனதும் குப்பென்று மல்லிகை.

"அத்தான், டிரம்ல மல்லிகை வாசனை அடிக்குதே."

"நல்லாக் கழுவிட்டேன். மூக்காலயும் பாத்துட்டேன்."

"இல்ல அத்தான், நல்லாவே அடிக்குது."

அவர் டிரம்முக்குள் தலையை விட்டார். மூன்று முறை முகர்ந்தார். தலையை வெளியே எடுத்து, என்னைப் பெட்டி கட்டுகிறவனைப் பார்க்கிற பார்வை பார்த்தார். "மாப்ள, மூக்கு எனக்கா உனக்கா?"

சம்பளம் வாங்குகிற மூக்கோடு சம்பளம் வாங்காத மூக்கு என்னத்தை வாதாடும்? தொட்டித் தண்ணீரைக் குழாய் வைத்து டிரம்களில் இறக்கினோம். ஒன்றில் கல்லையெல்லாம் அடுக்கினோம். இன்னொன்றில் மூன்று மீன்களையும் விட்டு, காற்றுக் குழாயைப் போட்டோம். சித்தாளைப் பிடிப்பதற்குள் எனக்கு இடுப்பு ஒடிந்தது. பிறகு அத்தான் என்னைப் புது மணல் கழுவப் பின்பக்கம் அனுப்பிவிட்டுத் தொட்டிக்குள் கையை விட்டார்.

மணல் கழுவுவது என்பது தண்டனைக்கென்றே கண்டுபிடித்த வேலை. வாளியில் கொட்டி, தண்ணீர் விட்டு, கிளறினால் பால். ஊற்றிவிட்டு மறுபடி விட்டால் மறுபடியும் பால். அதை எட்டாம் முறையோ பத்தாம் முறையோ ஊற்றிக்கொண்டிருந்தபோதுதான் அந்த நாற்றம் வந்தது.

நாற்றம் என்றால் சாதாரண நாற்றம் இல்லை. ஒரு கூடை முட்டையை வெயிலில் வைத்து மறந்துவிட்டு, ஞாபகம் வந்து திறந்து பார்த்த மாதிரி. பக்கத்து வீட்டு ஜன்னல் படாரென்று சாத்திக்கொண்டது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. துண்டை மூக்கில் அழுத்திக்கொண்டு உள்ளே ஓடினேன்.

அத்தான் முழங்கை வரை கறுப்பு. முகத்தைத் தொட்டிக்கு நேர் மேலே வைத்துக்கொண்டு, ஏதோ பாட்டை முணுமுணுத்தபடி, கறுப்பு மணலை அள்ளி அள்ளி மூட்டையில் போட்டுக்கொண்டிருந்தார். முகத்தில் ஒரு சுளிப்புகூட இல்லை.

"என்ன அத்தான் இது?"

"எது?"

அப்புறம்தான் என் மூக்கிலிருந்த துண்டைப் பார்த்தார். பாட்டு நின்றது. கண்கள் துண்டிலிருந்து கையிலிருந்த மணலுக்குப் போய் மறுபடி துண்டுக்கு வந்தன. "ஓ, இதுவா? கடல் வாசனை மாப்ள. அசல் கடல். உனக்கெல்லாம் பழக்கமில்ல."

சொன்னதோடு விடவில்லை. அந்தக் கறுப்பை ஒரு கை அள்ளி மூக்கருகே கொண்டுபோய், கண்ணை மூடி, மூன்று முறை ஆழமாக முகர்ந்தார். அங்கே ஜன்னல் இல்லாததால் சுவரைத் தூரத்தில் பார்த்தார். "இன்னும் கொஞ்சம் இருக்கு" என்றார்.

கல்லுக்கே குமட்டும் நாற்றம் அது. எனக்குள் ஏதோ பொறி தட்டியது.

"அத்தான், கூடவே லேசா ரோஜா மாதிரி ஒரு வாசனை வருதில்ல?" என்றேன்.

அவர் இன்னொரு முறை முகர்ந்தார். "வருது. லேசா."

அவ்வளவுதான். பத்து வருஷமாக என் வீட்டுத் துணியையும் என் வேர்வையையும் எடைபோட்ட மூக்கு வெறும் அலங்காரத்துக்குத்தான் இருக்கிறது என்பது எனக்குத் தெரிந்துபோயிற்று. உள்ளுக்குள் விசில் அடிக்கவேண்டும் போல் இருந்தது. நாளைக்கு மதியச் சாப்பாட்டு மேஜையில் இதை எப்படி ஆரம்பிப்பது, எந்த இடத்தில் நிறுத்தித் தண்ணீர் குடிப்பது என்றுகூட யோசித்துவிட்டேன். நல்லவன் என்று நான் எப்போதும் சொல்லிக்கொண்டதில்லை.

அந்த நேரத்தில் வாசலில் அக்காவின் குரல். "யாரு வீட்ல மல்லிகைய..." என்று ஆரம்பித்தவள், "ஐயையோ, இது என்னங்க நாத்தம்!" என்று முடித்தாள். பையை வாசலிலேயே போட்டுவிட்டு உள்ளே வந்து, நேரே மீன் டிரம்முக்குள் எட்டிப் பார்த்தாள். அப்போதுதான் நாங்களும் பார்த்தோம். காற்றுக் குழாய் ஊதி ஊதி டிரம்முக்குள் நுரை பொங்கி நின்றது. கழுவியும் போகாத வாசனை எண்ணெய். நுரைக்குக் கீழே ஒரு கோமாளி மீன் ஒருக்களித்துக் கிடந்தது. சித்தாள் வாயை அகலத் திறந்து திறந்து மூடியது. அதன் வாயில் மணல் இல்லாமல் நான் பார்த்தது அன்றுதான்.

"உப்புத் தண்ணி எங்க கரைச்சு வச்சிருக்கீங்க?" என்று கத்தினாள் அக்கா. நல்ல வேளையாக, டிரம் காலியில்லாததால் புது உப்புத் தண்ணீரை அத்தான் அவளுடைய குடிதண்ணீர் டப்பாக்களில் கரைத்து வைத்திருந்தார். காலையில் அதற்குத்தான் அவரை ஒரு பாட்டம் திட்டியிருந்தாளாம். சோப்பே படாத டப்பா அது. வெறுங்கையால் மீன்களை அள்ளி அதற்குள் போட்டாள். காற்றுக் குழாயைக் கழுவி அதில் விட்டாள். கல்லையெல்லாம் எடுத்து இன்னொரு டப்பாவில் அலசச் சொன்னாள். அத்தான் கறுப்புக் கையோடு, என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார்.

"டிரம்ம மோந்து பாத்தேனே" என்றார்.

அக்கா டப்பாவிலிருந்து நிமிர்ந்தாள். அவள் என்னைப் பார்த்தாள். என் முகத்தில் என்ன எழுதியிருந்ததோ, "நீ உள்ள வா" என்று சமையலறைக்குக் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினாள்.

"தெரிஞ்சிடுச்சா உனக்கு?"

"எது?"

"நடிக்காதடா. உன் மூஞ்சியே சொல்லுது."

அவள் குரலைத் தாழ்த்திச் சொன்னாள். "அன்னிக்கு அவருக்குக் காய்ச்சல் வந்துதில்ல, ரெண்டு வருஷம் முன்னாடி? அதுல போனதுடா. ஒருநாள் நான் மாடியில துணி எடுத்துட்டு வரேன், கீழ பால் தீஞ்சு வீடு பூரா நாத்தம். அவரு அடுப்புக்குப் பக்கத்துலயே உக்காந்து பேப்பர் படிச்சிட்டிருக்காரு. அன்னிக்குத்தான் எனக்குத் தெரியும்."

"அவரு சொன்னாரா?"

"சொல்லல. நானும் கேக்கல."

"அப்ப கம்பெனில எப்படி?" என்று கேட்டுவிட்டு நானே நிறுத்திக்கொண்டேன். கழுவும் தொட்டி ஓரத்தில் நேற்றைய சோப்புத் துண்டு ஈரமாக இருந்தது. மறுநாள் காலையில்தான் முடிவு. எலுமிச்சை தூக்கல், அடியில் கொழுப்பு வாடை. மழை வாசனை, பெயின்ட் வாசனை, வேர்வை வாடை. இந்த இரண்டு வருஷமாக நான் கிண்டல் செய்த அத்தனையும் ஒன்றன்பின் ஒன்றாக ஞாபகம் வந்தது. கம்பெனி சம்பளம் கொடுத்துக்கொண்டிருந்தது என் அக்காவின் மூக்குக்கு. அவளுக்குக் கிடைத்ததெல்லாம் தேய்ந்த சோப்புத் துண்டு.

"நீ வேணும்னேதான் சத்தமாச் சொல்றேன்னு அவருக்குத் தெரியுமா?"

"நான் ஏதோ சும்மா பேசறேன்னு நெனைக்கிறாரு. எனக்குத் தெரியாதுன்னு நெனைக்கிறாரு. அப்படியே நெனைக்கட்டும். தெரிஞ்சுபோச்சுன்னு தெரிஞ்சா ஒடஞ்சிருவாருடா." அவள் முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தாள், கை காய்ந்த பிறகும். "நாளைக்கு அந்தப் பொண்ணு வந்து நேர்லயே இது என்ன வாசனைன்னு கேட்டுட்டா என்ன பண்ணுவாரு? அத நெனைச்சு எனக்குச் சோறு எறங்கல. மூட்ட எண்ண அனுப்பிட்டாங்கன்னா அவரு தாங்கமாட்டாரு. உன் வாய் ஓட்ட வாய். இந்த ஒண்ணுல மட்டும் அடச்சு வைடா."

எனக்கு ரோஷம் வந்தது. வாய் ஓட்டை வாய்தான், அதற்காக அதை முகத்துக்கு நேராகச் சொல்ல வேண்டுமா? சரி என்று தலையாட்டினேன். மதியச் சாப்பாட்டு மேஜைக்கு அமைத்து வைத்திருந்த கதை தொண்டையிலேயே நின்றது.

மீதி வேலையை மூன்று பேருமாகச் செய்தோம். நானும் அக்காவும் மூக்கில் துணி கட்டிக்கொண்டோம். எங்களைப் பார்த்துவிட்டு, கொஞ்சம் தாமதமாக, அத்தானும் ஒரு துண்டை எடுத்துக் கட்டிக்கொண்டார். கறுப்பு மணல் மூட்டைகளைப் பின்வாசலில் செருப்பு விடும் இடத்துக்குப் பக்கத்தில் அடுக்கினோம். அவை அங்கே கசிந்துகொண்டு கிடந்தன. தொட்டியைத் துடைத்து, அகலமான குழாய் வழியாகப் புது மணலை மெல்ல இறக்கினோம். அக்கா மேலாக இருந்த வெள்ளை மணலில் ஒரு கிண்ணம் தனியாக எடுத்து வைத்திருந்தாள். மீன் கடைக்காரர் சொன்னது அவளுக்கு மட்டும் ஞாபகம் இருந்திருக்கிறது. அதை மேலே தூவினாள். தண்ணீர் விட்டதும் கூடத்தில் ஒரு பால் தொட்டி நின்றது. தெளிந்த பிறகு மீனை விடலாம் என்று டப்பாவுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். ஒருக்களித்துக் கிடந்த கோமாளி அதற்குள் நிமிர்ந்துவிட்டது.

திங்கட்கிழமை. புது முதலாளியின் மகள் சின்னப் பெண்தான். பணிவாகப் பேசினாள், அதுவே எல்லோருக்கும் பயமாக இருந்தது. ஏசி அறையில் கதவைச் சாத்திக்கொண்டு கூட்டம். சோப்புத் துண்டுகளை அடுக்கிய தட்டை ஏந்திக்கொண்டு நிற்கும் உத்தியோகம் எனக்கு. அத்தான் நன்றாகத் தேய்த்த சட்டையில் வந்து உட்கார்ந்தார். சட்டையை அக்கா பார்த்திருப்பாள், முகர்ந்தும் பார்த்திருப்பாள். ஷூவை அவர் பின்வாசலில் நின்றபடி தானே மாட்டிக்கொண்டு வந்துவிட்டார். அதன் விளிம்பு முழுக்கக் கறுப்பு. என் கண் அங்கே போவதற்குள் நாற்றம் அறையைச் சுற்றிவர ஆரம்பித்திருந்தது.

"உங்களப் பத்தி நிறையக் கேள்விப்பட்டிருக்கேன் சார்" என்று அந்தப் பெண் தொடங்கினாள். தொடங்கியவள் நிறுத்தினாள். மேலாளர் கைக்குட்டையை எடுத்தார். ஒருவரையொருவர் சந்தேகத்தோடு பார்த்துக்கொண்டார்கள். அத்தான் மட்டும் மலர்ந்த முகத்தோடு உட்கார்ந்திருந்தார்.

அவளுக்குச் சட்டென்று சிரிப்பு வந்தது. "இங்க மூக்குக்காரர் இருக்கும்போது நாம ஏன் யோசிக்கணும்? சார், நீங்களே சொல்லுங்க. இது என்ன வாசனை?"

எல்லா முகமும் அவர் பக்கம் திரும்பியது. மலர்ச்சி அப்படியே நின்றது, அதற்குப் பின்னால் இருந்த ஆள் மட்டும் காணாமல் போய்விட்டார். கண்ணை மூடினார். ஒரு முறை முகர்ந்தார். இரண்டாம் முறை. மேஜைக்கு அடியில் அவருடைய கட்டைவிரல் நாற்காலிக் கையைத் தேய்த்துக்கொண்டே இருந்தது. மூன்றாம் முறை. கண்ணைத் திறந்து ஜன்னலைப் பார்த்தார். ஜன்னலில் திரை போட்டிருந்தது. வாயைத் திறந்தார். லேசாக ரோஜா என்று சொல்லப்போகிறார், எனக்குத் தெரியும். நான்தானே அவருக்குச் சொல்லிக் கொடுத்தேன்.

அடைத்து வைத்த என் வாய் அப்போது திறந்துகொண்டது.

"அழுகின முட்ட மேடம்! என் ஷூலருந்துதான் வருது. நேத்து மீன் தொட்டியில மணல் மாத்தினேன். அந்த அழுக்கோடயே மாட்டிட்டு வந்துட்டேன். மன்னிச்சுக்கங்க."

அத்தான் மெதுவாக என் பக்கம் திரும்பினார். அவர் முகத்தில் ஆள் திரும்பி வந்தார், வந்த வேகத்தில் பழைய அலட்டலோடே வந்தார்.

"கந்தகம்" என்றார், ரொம்ப நிதானமாக. "உள்ள வரும்போதே கவனிச்சேன். சொந்த மச்சினன், நாலு பேர் முன்னாடி எப்படிச் சொல்றதுன்னு பொறுத்துட்டிருந்தேன்."

"எவ்வளவு பெரிய மனசு!" என்றாள் அந்தப் பெண்.

"இந்த நாத்தத்துல இன்னிக்கு எதையும் மோந்து முடிவு சொல்றது சரியா வராது மேடம். துண்டையெல்லாம் குடுங்க, காலையில சொல்றேன்."

சரிதான் என்று எல்லோரும் தலையாட்டினார்கள். மேலாளர் என்னைப் பார்த்து, "வெளிய போய்யா மொதல்ல" என்றார். தட்டை அத்தான் முன்னால் வைத்துவிட்டு வந்தேன். நாற்றம் உள்ளேயே நின்றும், அது நான் விட்டுவந்த மிச்சம் என்றே எல்லோரும் நம்பினார்களாம். மதியத்துக்குள் எனக்கு 'முட்டை' என்று பேர் விழுந்துவிட்டது. மூக்குக்காரரின் மச்சான் முட்டை. கிடங்கில் மூட்டை எண்ணுகிறவர்கூட எட்டிப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனார்.

சாயங்காலம் அக்கா வீட்டுக்குப் போனேன். தொட்டித் தண்ணீர் தெளிந்திருந்தது. கோமாளிகள் இரண்டும் ஒன்றையொன்று துரத்திக்கொண்டிருந்தன. சித்தாள் புது மணலில் ஒரு வாய் அள்ளி, சந்தேகமாக மென்று, துப்பி, மறுபடி அள்ளிக்கொண்டிருந்தது. அக்கா எதுவும் கேட்கவில்லை. என் தட்டில் மட்டும் எல்லாம் இரண்டு மடங்கு விழுந்தது. யார் சொன்னார்களோ, அவளுக்கும் செய்தி வந்திருக்க வேண்டும்.

கை கழுவப் பின்பக்கம் போனேன். குழாயடியில் அத்தான் குந்தியிருந்தார். ஒரு ஷூ ஒருபக்கம் கவிழ்ந்து கிடந்தது. இன்னொன்றைப் பிரஷ் வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தார். கால்மாட்டில் கம்பெனி சோப்பு முழுசாக ஒன்று, பாதிக்குக் கரைந்திருந்தது. என்னைப் பார்த்ததும் தேய்ப்பதை நிறுத்தினார். சமையலறைப் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்க்காமல், ஷூவை மட்டும் என் பக்கம் நீட்டினார்.

"மாப்ள... போயிடுச்சா பாரு."

நான் வாங்கிக்கொண்டேன்.

"அக்காவுக்குத் தெரிய வேணாம்" என்றார், குழாயைப் பார்த்து.

உள்ளேயிருந்து அக்காவின் குரல் வந்தது. "என்னங்க, பின்னாடி மல்லிகை வாசனை தூக்குதே, யாரு தொவைக்கிறது?"

"ஆமா, ஆமா, எனக்கும் வருது!" என்று அத்தான் திரும்பக் கத்தினார்.

இப்போது இரண்டு பேருடைய ரகசியமும் ஊரிலேயே பெரிய ஓட்டை வாய்க்குள் இருக்கிறது. அவருக்குத் தெரியாது என்று அவளும், அவளுக்குத் தெரியாது என்று அவரும் இனி நிம்மதியாக இருப்பார்கள். நான்தான் ஆயுசுக்கும் வாயைப் பொத்திக்கொண்டு அலைய வேண்டும்.

நான் கண்ணை மூடிக்கொண்டு ஷூவை மூன்று முறை முகர்ந்தேன். சுத்தமாகப் போயிருந்தது, மல்லிகை மட்டும்தான். மதில் சுவருக்கு மேலே தூரத்தில் எதையோ பார்த்தேன். காலையிலிருந்து என்னைக் கூப்பிட்ட ஒவ்வொரு 'முட்டை'யும் ஞாபகம் வந்தது.

"இன்னும் கொஞ்சம் இருக்கு அத்தான்" என்றேன்.

அவர் மறுபேச்சுப் பேசாமல் ஷூவை வாங்கி மறுபடி தேய்க்க ஆரம்பித்தார்.